ஒரே நாள், இரு தேதிகள்

பசிபிக் யுத்தம் 1941 டிசம்பர் 7-ஆம் தேதி, ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்தில் தொடங்கிற்றென்று பலரும் கூறுவர். ஆயின், மலாயாவிலுள்ள கோத்தா பாருக் கடற்கரையில் ஜப்பானியர் 8-ஆம் தேதி நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் இறங்கலாயினர். ஒரு மணி நேரத்திற்கு மேல் சென்ற பின்னரே பேர்ல் துறைமுகத்தில் குண்டுகள் வீழ்ந்தன. அப்பொழுது ஹவாயில் ஞாயிறு காலை. மலாயாவில் திங்கட்கிழமை பின்னிரவு. முந்திய நிகழ்ச்சி பிந்திய தேதி பெற்றமைக்குக் காரணம், இவ்விரண்டிற்கும் இடையே செல்லும் சர்வதேசத் தேதிக்கோடேயாம். அத்திங்களன்று விடியுமுன் சிங்கப்பூரும், காலையில் ஹாங்காங்கும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. கோத்தா பாருக் கரையைக் காத்துப் போர் புரிந்தவர் டோக்ரா படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். தேதியை மட்டும் நோக்குவோர் அவர்களை மறப்பர். ஆதலின், சரித்திரம் கற்போர் பூகோளப் படத்தையும் அருகே விரித்து வைத்தல் வேண்டும்.