குருதி உரைக்கும் செய்தி

நுழையும்முன்

ஒரே வகை நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரே மருந்தைப் பெற்ற இருவருள் ஒருவருக்குக் கட்டி சுருங்குகிறது. மற்றவருக்கு வளர்ந்துகொண்டே போகிறது. இவ்வேறுபாட்டை மருந்து தொடங்கும் முன்பே அறிய இயலுமா? சிறிதளவு குருதியைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை தேடும் அறிவியலின் பயணத்தையும், அப்பயணத்தில் வெளிப்படும் ஆய்வு நேர்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காவலும் தடையும்

நம் உடலுக்குள் புகும் நோய்க்கிருமிகளையும் இயல்பு மாறிய செல்களையும் கண்டறிந்து அழிப்பவை டி-செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். காவல் அளவு கடந்தால் அதுவே கேடாக முடியும் அல்லவா? டி-செல்கள் உடலின் நலமான திசுக்களைத் தாக்காதிருக்க அவற்றின் மேற்பரப்பில் சில தடைப் புரதங்கள் அமைந்துள்ளன. வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்கைப் போல இவை செயல்படுகின்றன.

இத்தடைகளுள் ஒன்றான பிடி-1 புரதத்தை 1992ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோவின் குழுவினர் கண்டறிந்தனர். சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு தடையை நீக்கினால் டி-செல்கள் புற்றுக்கட்டியைத் தாக்கும் என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் அலிசன் எலிகளில் மெய்ப்பித்தார். இவ்விருவருக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புற்றுச்செல்கள் பல, பிடி-எல்1 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏந்துகின்றன. அது டி-செல்லின் பிடி-1 புரதத்தோடு இணைந்ததும் தடை அழுத்தப்படுகிறது. காவல் செல் செயலிழக்கிறது. இவ்விணைப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களே நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அட்டெசோலிசுமாப் முதலிய மருந்துகள். இவை புற்றுச்செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. அதனைக் கொல்லும் ஆற்றலுடைய செல்லை விடுவிக்கின்றன. இதுவே நோயெதிர்ப்புச் சிகிச்சை.

ஐவருள் ஒருவர்

2015ஆம் ஆண்டு முதல் இம்மருந்துகள் நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெறத் தொடங்கின. வேதிச்சிகிச்சைக்குப் பின்னும் நோய் முற்றியவர்களிடம் நடந்த தொடக்க ஆய்வுகளில் ஏறத்தாழ ஐவருள் ஒருவருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பயன் பெற்றவர்களுள் சிலர் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். முற்றிய நுரையீரல் புற்றுநோயில் அதற்கு முன் அரிதாகவே காணப்பட்ட நிலை அது.

எஞ்சிய நால்வரின் நிலை என்ன? பயனளிக்காத மருந்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கு இழப்பாகும். தடை நீங்கிய டி-செல்கள் சில வேளைகளில் நுரையீரல், குடல், தைராய்டு போன்ற உறுப்புகளைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகின்றன. மருந்தின் விலையோ எளிய குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. ஆகவே, யாருக்கு இது பயன்படும் என முன்கூட்டியே அறிவது நோயாளியின் வாழ்வோடு தொடர்புடைய வினாவாயிற்று.

கட்டியின் திசுவில் பிடி-எல்1 எந்த அளவு உள்ளது எனக் காண்பது முதல் வழியாக அமைந்தது. புற்றுச்செல்களுள் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டவை அப்புரதத்தை ஏந்திய நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வொன்று 2016ஆம் ஆண்டு வெளியானது. அதில் பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களுள் 44.8 விழுக்காட்டினருக்கும் வேதிச்சிகிச்சை பெற்றவர்களுள் 27.8 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. இது பெரிய முன்னேற்றமே. எனினும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அவ்வாறு சுருங்கவில்லை என்பதையும் இவ்வெண் உணர்த்துகிறது.

திசு ஆய்வுக்கு வேறு இடர்களும் உண்டு. நுரையீரலுக்குள் ஊசி செலுத்தித் திசு எடுப்பது எல்லா நோயாளிகளுக்கும் இயல்வதன்று. எடுத்த சிறு துண்டு, கட்டி முழுமைக்கும் சான்றாக அமையும் என்ற உறுதியும் இல்லை. அடிக்கடி எடுத்துப் பார்க்கவும் முடியாது. எனவே, ஆய்வாளர்களின் பார்வை குருதியின் பக்கம் திரும்பியது.

குருதியில் மிதக்கும் துணுக்குகள்

செல்களுக்கு வெளியே, குருதியில் மரபணுப் பொருள் மிதக்கிறது என்பதை 1948ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் மான்டல், மெத்தே ஆகியோர் வெளியிட்டனர். இறக்கும் செல்கள் தம் டி.என்.ஏ.வைச் சிறு துணுக்குகளாகக் குருதியில் விடுகின்றன. புற்றுச்செல்களும் அவ்வாறே செய்கின்றன. இத்துணுக்குகள் சில மணிநேரத்திற்குள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், இன்று எடுத்த குருதி நோயின் இன்றைய நிலையைக் காட்டவல்லது.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் ஏற்படும் திடீர்மாற்றத்தைக் குருதியில் கண்டறியும் சோதனை 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இம்மாற்றம் உடையோர்க்கு அதற்கென அமைந்த மாத்திரைகள் பயன்தருகின்றன. நோயெதிர்ப்பு மருந்து தனியாக அளிக்கப்படும்போது பெரும்பாலும் பயன் குறைவு. இவ்வகையில், வேறு மருந்தை நாட வேண்டியவர் யார் என்பதைக் குருதி சொல்லத் தொடங்கியது.

அடுத்து, திடீர்மாற்றங்களின் மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட்டனர். மாற்றங்கள் மிகுந்தால் புற்றுச்செல்லில் உடலுக்கு அயலான புரதங்கள் மிகும். அயலானதை டி-செல் எளிதில் அடையாளம் காணும் என்பது அவர்களது கருத்து. அட்டெசோலிசுமாப் மருந்தை வேதிமருந்துடன் ஒப்பிட்ட, முன்னரே நடந்து முடிந்த இரு ஆய்வுகளின் குருதி மாதிரிகளை மீண்டும் சோதித்தனர். 16 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றங்கள் உடையோர் அம்மருந்தால் மிகுந்த பயன் பெற்றதாக 2018ஆம் ஆண்டு அறிவித்தனர்.

நடந்து முடிந்ததில் ஓர் ஒழுங்கைக் காண்பது எளிது. இனி நடப்பதில் அவ்வொழுங்கு நிலைக்கிறதா என்பதே உண்மையான சோதனை. அதே அளவை முன்கூட்டியே வரையறுத்து, அதற்குட்பட்ட நோயாளிகளைத் தேர்ந்து புதிய ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2022ஆம் ஆண்டு வெளியானது. நோய் முற்றாதிருக்கும் காலத்தை அட்டெசோலிசுமாப் வேதிச்சிகிச்சையைவிட நீட்டிக்கிறது என்பதைப் புள்ளியியல் உறுதியுடன் நிறுவ இயலவில்லை. பெரிதும் நம்பப்பட்ட குறிகாட்டி தேர்வில் தேறவில்லை. அம்முடிவையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் வெளியிட்டனர்.

எளிய எண்ணும் ஓர் எச்சரிக்கையும்

சிறு நகர ஆய்வகத்திலும் செய்யத்தக்க குருதியணு எண்ணிக்கை எதையேனும் உணர்த்துமா? 2018ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஓர் எளிய குறியீட்டை முன்வைத்தது. மொத்த வெள்ளையணுக்களிலிருந்து நியூட்ரோஃபில்களைக் கழித்து, அவ்விடையால் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை வகுக்க வேண்டும். இவ்விகிதம் 3க்கு மேல் இருத்தல் ஒரு தீய குறி. லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி இயல்பைவிட மிகுதல் மற்றொரு தீய குறி. இரண்டும் இல்லாதோர் நோயெதிர்ப்பு மருந்து பெற்று நெடிது வாழ்ந்தனர். இரண்டும் உடையோர் விரைவில் நலிவுற்றனர். வேதிச்சிகிச்சை பெற்ற சிறு குழுவில் இவ்வேறுபாடு தென்படவில்லை.

ஆனால், பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2019ஆம் ஆண்டு வெளியான பகுப்பாய்வில், எம்மருந்து பெற்றாலும் அக்குறியீடு நல்லதாக உள்ளவர்கள் நெடிது வாழ்வது புலப்பட்டது. அஃதாவது, அவ்வெண் நோயின் போக்கைச் சொன்னது. மருந்தின் பொருத்தத்தைச் சொல்லவில்லை.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். வளமான வண்டல் நிலம் எவ்வுரம் இட்டாலும் நன்றாக விளையும். அந்நிலத்தின் விளைச்சலைக் கண்டு, இட்ட உரமே சிறந்தது எனக் கூற இயலாது. மண்ணில் துத்தநாகம் குறைவு என ஆய்வு காட்டினால், துத்தநாக சல்பேட் இட்டால் பயனுண்டு எனத் துணியலாம். முன்னது போக்கறி குறிகாட்டி. பின்னது பயனறி குறிகாட்டி. மருந்தைத் தேர்ந்தெடுக்கத் துணைசெய்வது பின்னதே. இதனை உணராது எண்ணை மட்டும் நம்பினால், பயன்பெற வாய்ப்புள்ள ஒருவருக்கும் மருந்து மறுக்கப்படும்.

மருந்து தொடங்கிய பின்

சிகிச்சை தொடங்கிய பின்னரும் குருதி வழிகாட்டக்கூடும். டி-செல்கள் கட்டிக்குள் திரள்வதால் சிலருக்குக் கட்டி முதலில் பெரிதாகிப் பின்னர் சுருங்குவது அரிதாக நிகழ்கிறது. அப்போது சி.டி. ஸ்கேன் படம் மட்டும் கொண்டு முடிவெடுத்தல் கடினம். குருதியில் புற்று டி.என்.ஏ. குறைந்து மறைந்தால் மருந்து வேலை செய்கிறது என ஊகிக்கலாம். பெம்ப்ரோலிசுமாப் பெற்ற 50 நோயாளிகளிடம் நடத்தி 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முதற்கட்டத்தில், இம்முறை ஸ்கேன் முடிவுகளோடு பெருமளவு ஒத்திருந்தது. அதைக் கொண்டு சிகிச்சையை மாற்றினால் நோயாளிக்கு நன்மை உண்டாகுமா என்பதை அதன் இரண்டாம் கட்டம் ஆராய்கிறது.

இன்றும் மருந்தைத் தேர்வதில் திசுவின் பிடி-எல்1 அளவே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. குருதிக் குறிகாட்டிகள் துணைச்சான்றுகளாக வளர்ந்துவருகின்றன. குருதி உரைக்கும் செய்தியைக் கேட்கும் கருவிகள் நம்மிடம் உள்ளன. கேட்டது உண்மைதானா என மீண்டும் சோதிக்கும் பொறுமையே ஒரு நோயாளிக்கு உரிய மருந்தை உரிய காலத்தில் கொண்டுசேர்க்கும்.

தெரிந்து தெளிவோம்

நுரையீரல் புற்றுநோயைச் சிறுசெல் வகை, சிறுசெல் அல்லாத வகை என இரண்டாகப் பகுப்பர். நோயாளிகளுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இரண்டாம் வகையினர். இப்பாடத்தில் கூறப்பட்ட ஆய்வுகள் அவ்வகை தொடர்பானவை.

கற்பவை கற்றபின்

1. வெள்ளையணுக்கள் 12,000, அவற்றுள் நியூட்ரோஃபில்கள் 9,600 எனில் பாடத்தில் கூறிய விகிதத்தைக் கணக்கிடுக. அது எதனை உணர்த்தும், எதனை உணர்த்தாது என விளக்குக.
2. போக்கறி குறிகாட்டி, பயனறி குறிகாட்டி ஆகியவற்றுக்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறி வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: திசு ஆய்வின் இடர்கள் இரண்டினை எழுதுக.
சிறுவினா: டி-செல்லைப் புற்றுச்செல் எவ்வாறு செயலிழக்கச் செய்கிறது?
நெடுவினா: 'தோல்வியுற்ற ஆய்வும் அறிவியலுக்கு ஆக்கமே' – பாடக்கருத்தின் துணைகொண்டு நிறுவுக.