மண் தோண்டும்போது வரும் புழுப்பாம்பு



மழை பெய்து மண் இளகியதும் எருக்குழி வெட்டுவீர்கள், கழிப்பறைக்குக் குழி தோண்டுவீர்கள், வாழைக்கன்று வைப்பீர்கள். அப்போது மண்வெட்டியோடு கறுப்பாக, கயிற்றுத் துண்டு போல ஒன்று நெளிந்து வரும். "ஐயோ, நாகப்பாம்புக் குட்டி!" என்று பெரியவர்கள் அடிக்க ஓடுவார்கள். "மண்புழுதானே" என்று பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். பெரும்பாலும் அது புழுப்பாம்பு; குருட்டுப்பாம்பு என்றும் சொல்வார்கள். அதற்கு விஷம் கிடையாது.

அடையாளம் காண்பது எப்படி?

1. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், பென்சிலைவிட மெலிவு.
2. மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம், பிசுபிசுப்பு. இதற்கு வளையம் இல்லை. வழவழப்பான செதில் பளபளக்கும். நாக்கை நீட்டும்.
3. தலையும் வாலும் ஒரே பருமன். கண் இரண்டு புள்ளி மட்டுமே.
4. வால் நுனியில் சிறு முள் உண்டு. பிடித்தால் அதை அழுத்தும். "வாலால் கொட்டும்" என்பது வெறும் பயம்.

இதன் உணவு எறும்பு, கறையான் இவற்றின் முட்டையும் புழுவும்தான். இந்த இனத்தில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே முட்டையிடும். மண்வெட்டியால் தள்ளி விடுங்கள், போய்விடும்.

எச்சரிக்கை!

கட்டுவிரியன் குட்டியும் கறுப்புதான். ஆனால் பிறக்கும்போதே ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். உடம்பில் வெள்ளைக் கட்டு இருக்கும். கண் தெளிவாகத் தெரியும். குட்டிக்கும் விஷம் உண்டு. பட்டையோ புள்ளியோ தெரிந்தால், அல்லது ஒரு சாணைவிட நீளமானால், எந்தப் பாம்பானாலும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தாலும் விலகி நில்லுங்கள்.

கடித்துவிட்டால்?

கட்டுவிரியன் கடி வலிக்காமலும் இருக்கும். "ஒண்ணுமில்லே, படுத்தா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கையோ காலோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு. மந்திரிப்பதில் போகும் நேரம் உயிரைக் குடிக்கும்.

இன்றிரவே கணவனும் மனைவியும் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தொடாதே, அடிக்காதே, தாமதிக்காதே!