மணி கோத்த சடை: கறுப்பினச் சிறுமிக்குத் தலை பின்னும் முறை

ஞாயிற்றுக்கிழமையில் பாதியை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். கறுப்பினச் சிறுமி ஒருத்திக்குத் தலையலசி, சிக்கெடுத்து, வரிவரியாகப் பின்னி, மணி கோத்து முடிக்க நாலு மணி நேரம்கூட ஆகும். குழந்தை நெளிந்தால் இன்னும் இழுக்கும். அமெரிக்காவில் பல வீடுகளில் இதற்கென்றே ஒரு நாள் உண்டு. அம்மா நாற்காலியில், மகள் கீழே தலையணை போட்டு அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில். லண்டனிலும் டொராண்டோவிலும் கலப்பு மணத்தில் பிறந்த பேத்திக்குத் தலைவாரிவிடும் தமிழ்ப் பாட்டிகளுக்கும் இது உதவும். சடை அவர்கள் கைக்குப் பழகியதுதான், முடிதான் புதிது.

அந்த முடியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சுருள்சுருளாக வளர்வதால் தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் நுனிவரை இறங்காது. சீக்கிரம் வறளும், வளைவுகளில் முறியும். முடியைக் கூட்டிக் கட்டி முறியாமல் காக்கத்தான் பின்னல். அழகும் அர்த்தமும் அதன்மேல் வந்து சேர்ந்தவை. ஆகவே ஒவ்வொரு சடைக்குள்ளும் ஒரு ரகசியச் செய்தி இருக்கும் என்று தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். சிலவற்றுக்குத் திட்டமான பொருள் உண்டு. சிலவற்றுக்கு வரலாறு உண்டு. சிலவற்றைப் பிள்ளைகள் ஓடியாட வசதி என்பதற்காகவே போட்டுக்கொள்கிறார்கள்.

திட்டமான பொருளுக்கு நமீபியாவின் ஹிம்பா மக்களைச் சொல்லலாம். அங்கே பருவமடையாத சிறுமியின் இரட்டைச் சடை முகத்தை நோக்கி முன்பக்கம் விழும். வளர வளரச் சடை மாறும். தலையைப் பார்த்தே அவள் எந்தப் பருவத்தில் இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நைஜீரியாவின் யோருபா மக்களிடம் 'சுகு' என்றொரு வகை: தலையின் ஓரத்திலிருந்து எல்லா வரிகளும் மேலேறி உச்சந்தலையில் கூடும். இப்படிப்பட்ட அலங்காரங்களை 1968 முதல் பல ஆண்டுகள் படமெடுத்துச் சேர்த்தவர் நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒக்காய் ஒஜெய்கேரே. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றில் முகமே இல்லை, பின்தலை மட்டும்தான். வகிடு எடுக்கப் பழகுகிறவர்கள் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுச் சீப்பை எடுப்பது நல்லது.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி சடையில் நடுத்தலையில் முன்னிருந்து பின்னாக ஒரு வரி ஓடும். காதோரம் மெல்லிய சடைகள் தொங்கும். மணியும் சோழியும் கோப்பார்கள். பாண்டு முடிச்சு தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முறுக்கிச் சின்னக் கொண்டையாகச் சுற்றிச் செருகிவிட வேண்டும். பின்னாமல் விரித்துவிட்ட ஆஃப்ரோவுக்குத்தான் அரசியல் அதிகம். நேராக்கிய முடியே ஒழுங்கான முடி என்ற எண்ணத்துக்கு 1960களின் அமெரிக்கக் கறுப்பினத்தவர் கொடுத்த பதில் அது; கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் படம் அதற்கு முகமாகிப்போனது. அதே முடியைத் தூக்கி ஒரு பட்டையில் கட்டினால் 'பஃப்'. சின்னக் குழந்தைக்கு இதைவிடச் சுகமான அலங்காரம் இல்லை.

பள்ளி விதியையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2016இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் தங்கள் இயல்பான முடிக்கு எதிரான கெடுபிடியை எதிர்த்துத் திரண்டது உலகச் செய்தியானது. முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 'கிரவுன்' சட்டத்தை அமெரிக்க மாநிலங்களில் முதலில் இயற்றியது கலிபோர்னியா, அதுவும் 2019இல்தான்.

இனி வேலை. முதல்முறை பின்னுகிறவர்களுக்கு நெற்றியிலிருந்து பிடரிவரை மண்டையோடு ஒட்டி நேராக ஓடும் வரிச்சடையான கார்ன்ரோ போதும். ஆறு அல்லது எட்டு வரி, நுனியில் மணி.

உலர்ந்த முடியில் சீப்பு படவே கூடாது. அலசிய தலையை நாலு பாகமாகப் பிரித்து, மூன்றைக் கிளிப்பில் அடக்கிவையுங்கள். கையிலிருக்கும் பாகத்தை நன்றாக ஈரமாக்கி, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முதலில் விரலால் சிக்கைப் பிரியுங்கள். பிறகு பல் அகன்ற சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். சிக்குக்கு மேலே முடியை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டையை எட்டாது. உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே ஆகாது.

கண்டிஷனரை அலசியதும் எண்ணெய்ப் புட்டிக்குக் கை போகும். பொறுங்கள். எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கும் ஈரத்தைக் காக்கத்தான் செய்யும். தண்ணீர் தெளித்து, அலசாமல் தலையிலேயே விட்டுவிடும் வகைக் கண்டிஷனர் கொஞ்சம் தடவி, அதற்குமேல் தேங்காயெண்ணெயோ ஷியா வெண்ணெயோ பூசுங்கள்.

வால் சீப்பின் கூர்முனையால் நெற்றியிலிருந்து பிடரிவரை வகிடு எடுங்கள். பின்னப்போகும் வரியை மட்டும் வெளியே விட்டு மற்றதை ஒதுக்கிக் கட்டுங்கள். நெற்றியோரம் ஒரு சிட்டிகை முடி எடுத்து மூன்று காலாகப் பிரியுங்கள். நாம் வழக்கமாக ஓரக் காலை நடுக்காலுக்கு மேலே போடுவோம். இங்கே அடியில் விட வேண்டும். அப்போதுதான் வரி புடைத்து நிற்கும். வலதை அடியில் விட்டீர்கள், இடதை அடியில் விட்டீர்கள். ஒவ்வொரு முறையும் மண்டையோடு ஒட்டியிருக்கும் முடியில் கொஞ்சம் எடுத்து அந்தக் காலோடு சேருங்கள். விரல் மண்டையை விட்டு எழும்பினால் வரி தளர்ந்து தொங்கும். பிடரி வந்ததும் சேர்ப்பதை நிறுத்திச் சாதாரணச் சடையாக முடியுங்கள். முதல் இரண்டு வரி கோணலாகத்தான் வரும். அவிழ்க்க வேண்டாம், குழந்தையின் பொறுமைதான் முக்கியம்.

இறுக்கம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இறுகப் பின்னினால்தான் நிற்கும் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புருவம் மேலே இழுபட்டாலோ, வரியோரம் சின்னக் கொப்புளம் கிளம்பினாலோ, குழந்தை வலிக்கிறது என்றாலோ அப்போதே தளர்த்துங்கள். தொடர்ந்து இழுபடும் நெற்றியோர முடி முதலில் மெலியும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வேர் கெட்டு, திரும்ப முளைக்காமலே போகலாம்.

மணி கோக்கக் கம்பி வளையம் உள்ள கோப்பான் கடையில் கிடைக்கும். மணிகளை அதில் ஏற்றி, சடை நுனியை வளையத்துக்குள் விட்டு, மணிகளை முடிமேல் தள்ளுங்கள். கடைசி மணிக்குக் கீழே நுனியை மடித்துச் சின்ன ரப்பர் வளையம் போட வேண்டும். இந்த முடிச்சில் அலட்சியம் கூடாது: 1999 ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதியில் டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸின் மணிகள் ஆடுகளத்தில் உதிர்ந்ததால் நடுவர் ஒரு புள்ளியையே எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். சடைக்கு நாலைந்து மணிக்கு மேல் வேண்டாம், கனம் வேரை இழுக்கும்.

இரவில் சாட்டின் துணித் தொப்பி போட்டுவிடுங்கள். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வரிகளுக்கிடையே தண்ணீர் தெளித்தால் போதும்.

இரண்டு, மூன்று வாரத்தில் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்கும்போது கொத்தாக முடி கையோடு வரும், பதற வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. இத்தனை நாளும் உதிர்ந்தது சடைக்குள்ளேயே தங்கியிருந்தது, அவ்வளவுதான். அதை விரலால் சிக்கெடுத்து நீக்கிய பிறகே தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் உருண்டு முடிச்சாகிவிடும். மறுநாளே அடுத்த பின்னலுக்கு உட்காரவைக்காமல், ஒரு வாரம் தளர்ந்த பஃப் போட்டுவிடுங்கள்.