கொங்கிறீற் தட்டும் முட்டுக்கால்களும்

வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் நமது கிராமத்து இளைஞர் பலர் மேசன்மாருக்கு உதவியாட்களாகப் போகின்றனர். உயரத்திலிருந்து விழுவது ஆபத்து என்பதை எல்லோரும் அறிவர். கொங்கிறீற் போட அடித்த பலகையும் முட்டுக்கால்களும் சரிந்து, கீழே நின்றவர் நசுங்குவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இப்பாடத்தில் அதை எடுத்துக்கொள்வோம்.

ஈரக் கொங்கிறீற்றுக்குத் தன் பாரத்தைத் தானே தாங்கும் வலு இல்லை. 10 அடிக்கு 12 அடி அறையொன்றுக்கு 5 அங்குலத் தடிப்பில் தட்டுப் போட்டால் அதன் நிறை ஏறக்குறைய 3.4 தொன். அதற்குமேல் ஆட்கள், தாச்சிகள், குவித்த கலவை. இவ்வளவும் முட்டுக்கால்களின் தலையில்தான். நனைந்த மண்ணில் அடிப்பலகை வைக்காமல் நிறுத்திய கால் புதையும். கல் அடுக்கி உயரம் கூட்டிய கால் வழுக்கும். குறுக்குச் சட்டம் அடிக்காத வரிசை ஒரு தள்ளலிலே சாயும். ஒரு கால் போனால் அதன் பாரம் பக்கத்துக் காலுக்கு மாறும், அதுவும் முறியும். சாய்கின்ற முட்டை இறுக்கவென்று ஓர் ஆளை உள்ளே அனுப்புவது மிகக் கெட்ட வழக்கம். ஊற்றுவதை நிறுத்தி மேலே நிற்பவர்களை இறக்குவதே முதல் வேலை.

முட்டை முந்தி எடுப்பதும் இதேயளவு கொடியது. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் 1973 மார்ச் 2 அன்று, கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் ஒன்றின் 24ஆம் மாடிக்குக் கொங்கிறீற் ஊற்றும் வேளையில் கட்டடம் மேலிருந்து நிலம்வரை இடிந்தது. 14 தொழிலாளர் மாண்டனர்; 30 பேருக்கு மேல் காயமடைந்தனர். 23ஆம் மாடியின் கொங்கிறீற் வலுக்கொள்ளுமுன் அதன் கீழிருந்த முட்டுகளை எடுத்ததே காரணம் என அரச ஆய்வு கண்டது. அங்கே பொறியியலாளர் இருந்தனர், இயந்திரங்கள் இருந்தன. அவசரம் எங்கும் ஒன்றுதான்.

நமது சிறு வீடுகளில் தட்டுக்கு 14 நாளும் நீண்ட பீம்களுக்கு 21 நாளும் முட்டை விட்டுவைப்பது நல்லது. பலகை வாடகை ஏறுகிறது என்று ஒப்பந்தகாரர் நெருக்கினாலும் இதில் விட்டுக்கொடுக்கலாகாது. எடுக்கும்போது நடுவிலிருந்து சுவர்ப்பக்கமாக எடுக்கவேண்டும். வெளியே நீட்டிய தட்டானால் வெளி விளிம்பிலிருந்து தொடங்கவேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் எல்லோரும் பாய்ந்து இழுக்கவேண்டாம், மிச்சமும் விழலாம். நிற்கும் பகுதிக்கு முட்டுக் கொடுத்தபின் மீட்கவேண்டும். முதுகோ கழுத்தோ அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைக்கலாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். கண்ணில் சீமெந்து பட்டிருந்தால் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவுங்கள். கையோ காலோ எவ்வளவு நேரம் அகப்பட்டிருந்தது என்பதை வைத்தியரிடம் சொல்வது அவசியம்.

நாட்கூலிக்காரனுக்குச் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கின்றனர். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஒப்பந்தகாரரிடம் கூலிக்கு நிற்பவருக்கும் உரியது. வீட்டுக்காரரே தமது குடியிருப்புக்கு ஆள் பிடித்திருந்தால்தான் சிக்கல். மருந்துச் செலவுக்குச் சிறு தொகை தந்து, வெறுந்தாளில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்கவேண்டாம். முறிந்த முட்டுகளை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, உடனிருந்தவர்களின் பெயர்களையும் அன்றே குறித்துவையுங்கள். கோரிக்கையை விபத்து நடந்து 2 வருடங்களுக்குள் நட்டஈட்டு ஆணையாளரிடம் சமர்ப்பிக்கவேண்டும்.