வேடசந்தூர் தம்பிக்கு, கணினியின் குரல் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை முழுக்கக் கேட்டேன். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறீர்கள். பார்வை இல்லாததால் பாடம் முழுவதும் காது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நீங்கள் கேட்டதை உங்கள் வாக்கிலேயே எழுதுகிறேன், இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அது தெரிய வேண்டும்: "போன்ல வர்ற குரல் இனிமையாத்தான் இருக்கு. ஆனா கொஞ்ச நேரம் கேட்டா மனசுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர்ல வர்ற பழைய கரகரக் குரலே தேவலைன்னு தோணுது. எனக்கு மட்டுந்தான் இப்படியா?"

இல்லை தம்பி. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானை வைத்துப் படிக்கும் பலர் உலகம் முழுக்க இதையேதான் சொல்கிறார்கள். உங்கள் கணினியில் இருக்கும் என்விடிஏ, பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பான். இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குள் பேசுவது இ-ஸ்பீக். ஜொனாதன் டடிங்டன் உருவாக்கியது. அந்தக் குரலுக்குப் பின்னால் சொற்களைப் பேசிப் பதிவு செய்த மனிதர் யாரும் கிடையாது. எந்த ஒலிக்கு எந்த அதிர்வெண்கள், அவை எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று விதி எழுதி, பெரும்பாலும் அந்த விதியிலிருந்தே ஒலியைச் செய்கிறார்கள். அதனால்தான் கரகரப்பு. அதனால்தான் தெளிவும். ஒரு சொல்லை எத்தனை முறை கேட்டாலும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி வரும். வேகத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டினாலும் எழுத்து உடையாது. பழகிய காதுக்கு அந்த வேகம் பெரிய சொத்து. பார்வையுள்ளவர்கள் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்து போவதைப்போல நீங்கள் காதால் மேய்ந்து போகிறீர்கள்.

அப்படியானால் இயல்பான குரல் தேவையே இல்லையா? தேவை. ஆனால் இயல்பு எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அது குரலின் இனிமையில் இருப்பதைவிட வாசிப்பில்தான் அதிகம் இருக்கிறது. எதை வாசிக்கிறோம் என்று தெரிந்து வாசிப்பதுதான் காதுக்கு இயல்பாகப் படுகிறது.

திண்டுக்கல் ஜங்ஷனில் நின்று அறிவிப்பைக் கவனித்திருப்பீர்கள். அங்கே ஒலிப்பது மனிதக் குரல்தான், நல்ல குரலும்கூட. ஆனால் வைகை எக்ஸ்பிரஸின் எண்ணான 12635-ஐச் சொல்லும்போது "ஒன்று. இரண்டு. ஆறு. மூன்று. ஐந்து." என்று ஒவ்வோர் எண்ணும் தனித்தனியாக விழும். நீங்களோ நானோ அந்த எண்ணைச் சொன்னால் முதல் நான்கையும் குரலைத் தூக்கியபடி சொல்லி, கடைசி ஐந்தில்தான் இறக்குவோம். எண் முடிந்துவிட்டது என்று கேட்பவருக்கு அந்த இறக்கம்தான் சொல்கிறது. தனித்தனியே பதிவு செய்து ஒட்டினால் எல்லா எண்ணிலும் அந்த இறக்கம் வந்துவிடும். ஒட்டுப் போட்ட இடம் காதில் இடறும்.

கணினிப் பேச்சும் நெடுங்காலம் இந்த ஒட்டுவேலையை நம்பித்தான் ஓடியது, இன்னும் நுணுக்கமாக. ஒருவரைப் பல மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்து, சிறு துண்டுகளாக நறுக்கி, வேண்டிய துண்டைத் தேடி எடுத்துக் கோப்பார்கள். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு பல கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல் செய்தபோது, துண்டின் அளவை அசையாக வைத்துப் பார்த்தது. நம் மொழிகள் அசை அசையாக நடப்பவை என்பதால் அது பொருந்தி வந்தது. அந்தக் குரல்களைத் திரைவாசிப்பானில் பயன்படுத்தவும் வழி செய்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனும் தமிழுக்கு இந்த வேலையைச் செய்தவர். இவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை.

இனி உங்கள் பாடத்திலிருந்தே ஒரு வரி எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்துச் சங்கதி: "விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார்." கணினி இதை வாசிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

முதலில் அந்த எண். 1801 என்பதை ஆண்டு என்று கண்டுகொண்டு "ஆயிரத்து எண்ணூற்று ஒன்று" ஆக்க வேண்டும். அத்தோடு முடியாது. பின்னால் "-இல்" நிற்கிறது, அதை எண்ணோடு சேர்த்து "ஒன்றில்" என்று புணர்த்த வேண்டும். இல்லாவிட்டால் "ஒன்று, இல்" என்று இரண்டாக வெட்டிப் படிக்கும். 12.30 என்று இருந்தாலோ இன்னும் சிக்கல். பஸ் நேரமானால் பன்னிரண்டரை மணி. விலையானால் பன்னிரண்டு ரூபாய் முப்பது காசு. கணக்குப் பாடமானால் பன்னிரண்டு புள்ளி மூன்று பூஜ்யம். முன்னும் பின்னும் உள்ள சொல்லைப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்கவே முடியாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் விலைப்பட்டியலில் "40-50" என்று போட்டிருந்தால் நடுவில் உள்ள கோடு கழித்தல் குறி இல்லை என்று அதற்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது "கோபால." தமிழ் எழுத்தில் ஒரே க-வை இடத்தைப் பொறுத்து மாற்றி ஒலிக்கிறோம். கடல், பக்கம், பங்கு, பகல் என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லென்று வரும், மெல்லெழுத்தை அடுத்து அதிர்ந்து வரும், இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்து வரும். ஒழுங்கான விதி, கணினிக்கு எழுதிக்கொடுக்க வசதியானதும்கூட. திண்டுக்கல் என்ற பெயரை இந்த விதியே பிசகில்லாமல் வாசித்துவிடும். ஆனால் வெளியிலிருந்து வந்த பெயர்களில் இது நிற்காது. விதிப்படி போனால் கோபாலனின் முதலெழுத்து கோடையின் முதலெழுத்தைப்போல ஒலிக்கும். சின்னாளபட்டி பக்கத்துக் காந்திகிராமம் இன்னும் மோசம்: முதல் எழுத்து வல்லென்று வரும், நடுவில் உள்ள "கி" ஏறக்குறைய "ஹி" என்று கரைந்துபோகும். அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டால் தன் ஊர் என்றே அடையாளம் காணமாட்டார். விதிக்குப் பக்கத்தில் விதிவிலக்குகளின் பட்டியல் ஒன்று இருந்தே ஆக வேண்டும். குஜிலியம்பாறையும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

பிறகு கால அளவு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். தேர்வுக்காக இப்போதும் குற்றியலுகரம் படித்துக்கொண்டிருப்பீர்கள். காசு, பாட்டு, கயிறு என்ற சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகும். தலை, வலை என்பவற்றின் ஐகாரம் இரண்டு மாத்திரை பிடிக்காமல் ஒன்றாகக் குறுகும். தொல்காப்பியம் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் டென்னிஸ் கிளாட் 1970-களில் ஆங்கிலத்துக்கு இதே வேலையைத்தான் செய்தார், எந்த ஒலி எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்று அளந்து விதி எழுதினார். அந்த அளவுகள் அவருடைய கணினிக் குரலுக்கு அடிப்படையாயின. "பாட்டு" என்பதன் கடைசி உகரத்தை முழுதாக இழுத்துச் சொல்லும் கணினி, பழக்கமில்லாத ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப்போல ஒலிக்கும். குறுக்கிச் சொன்னால், கரகரக் குரலாக இருந்தாலும், தமிழ் பேசுகிறது என்று காது ஒத்துக்கொள்ளும்.

கடைசியாக நிறுத்தம். தமிழில் வினை வாக்கியத்தின் முடிவில் வருகிறது. யார், எப்போது, எங்கே என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில்தான் என்ன நடந்தது என்று சொல்கிறோம். கோபால நாயக்கருக்குப் பின் ஒரு சிறு மூச்சு விட்டு, ஆண்டை ஒரே வீச்சில் சொல்லி, வினையில் இறங்க வேண்டும். உங்கள் வினாத்தாளில் "கீழ்க்கண்டவற்றுள் எது சரியானதல்ல?" என்று கேட்டால் அந்த "அல்ல" மேல் அழுத்தம் விழ வேண்டும். விழாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

இதெல்லாம் விதி எழுதுகிறவர்களின் காலம், இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2016-இல் லண்டனின் டீப்மைண்ட் நிறுவனம் வேவ்நெட் என்ற முறையை வெளியிட்டது. நொடிக்கு 16,000 ஒலிப்புள்ளிகள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையவற்றைப் பார்த்துக் கணித்துக் கணித்துக் குரலைச் செய்தார்கள். ஒட்டுவேலையின் தடயமே இல்லாமல் போயிற்று. உங்கள் போனில் கேட்கும் இனிமை அந்த வழியில் வந்ததுதான். ஆனால் இந்த வகைக் குரல்களில் சில, நீண்ட வாக்கியம் வந்தால் ஒரு சொல்லை விழுங்கிவிடும், அல்லது ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லிவிடும். கதை கேட்பவருக்கு அது பொறுக்கக்கூடிய பிழை. தேர்வுக்குப் படிப்பவருக்கு "இல்லை" என்ற ஒரு சொல் விழுங்கப்பட்டால் பாடமே தலைகீழ். உங்கள் கரகரக் குரல் ஒருபோதும் அதைச் செய்யாது. அதன் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை நியாயமானது.

புதிய முறைகள் கேட்டதைத்தான் கற்கும். செய்தி வாசிப்பை மட்டும் கேட்டு வளர்ந்தால் செய்தியைப்போலத்தான் எல்லாவற்றையும் வாசிக்கும். இதை உணர்ந்துதான் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024-இல் "ரசா" என்ற தொகுப்பைச் செய்தது. அசாமியம், வங்கம், தமிழ் மூன்றுக்கும் சாதாரண வாசிப்போடு கோபம், சோகம், மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிகளில் பேசியதையும் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட "இண்டிக்வாய்சஸ்" தொகுப்பில் 145 மாவட்டங்களில் இருந்து 22 மொழிகளில் 16,237 பேருடைய பேச்சு இருந்தது. அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது, எதையும் பார்த்துப் படிக்காமல் மக்கள் தாமாகப் பேசியது. கணினி நம் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்பதற்கான தொகுப்பு அது. நம்மிடம் பேசக் கற்பதற்கும் இப்படிப்பட்ட பேச்சே வேண்டும் என்பேன். நம் மாவட்டத்தையே பாருங்கள். நத்தம் பக்கம் அங்கிட்டு, இங்கிட்டு என்று மதுரைப் பேச்சு. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிப் பக்கம் போனால் "ஏனுங்க" என்று கொங்கு கலந்துவிடும். வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பாவின் "வாடிவாசல்" குறுநாவலைக் கணினியிடம் கொடுத்தால், அதில் வரும் பேச்சுகளைச் செய்தி வாசிப்பதைப்போல வாசிக்காத குரல் எனக்கு வேண்டும். அதற்கு நம் பக்கத்து மனிதர்களின் பேச்சு, அவர்கள் சம்மதத்தோடு, அந்தத் தொகுப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

உங்களுக்கு உடனடியாக உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். பிடிஎஃப் பாடக்குறிப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக ஒலிக்கிறது என்றீர்களே, அது குரலின் குற்றம் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொண்டால் ஒழுங்காக வாசிக்கும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் குறிப்பு தயாரித்து விற்பவர்களிடம் தயங்காமல் யூனிகோடு கோப்பைக் கேளுங்கள், காசு கொடுத்து வாங்குகிறவர் நீங்கள்.

என்விடிஏ-வின் விருப்பத் தேர்வுகளில் பேச்சு அகராதி என்று ஒன்று இருக்கிறது. "கி.மீ." என்று வந்தால் "கிலோமீட்டர்" என்று வாசி, "கி.பி." என்று வந்தால் "கிறிஸ்துவுக்குப் பின்" என்று வாசி என நீங்களே சேர்க்கலாம். பாடத்தில் அடிக்கடி இடறும் சுருக்கங்களை ஒருநாள் உட்கார்ந்து சேர்த்துவிடுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. இ-ஸ்பீக்கின் இன்றைய வடிவம் திறந்த மூலநிரல். அதில் தமிழுக்கு விதிக்கோப்பு ஒன்றும் விதிவிலக்குச் சொற்கோப்பு ஒன்றும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். வேடசந்தூர், எரியோடு, வடமதுரை, அய்யலூர் என்று உங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைக் கணினியை வாசிக்கவிட்டுக் கேளுங்கள். எது தப்பாக வருகிறதோ அதை நீங்கள் சொல்கிறபடி பதிவு செய்து அனுப்புங்கள். கோப்பில் சேர்ப்பதற்கான வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். தேர்வு முடிந்த பிறகு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
திண்டுக்கல்