அருவியைப் படம் பிடிக்கும் முன் கனஅடியைப் பாருங்கள்

கையில் ஒரு கேமராவோ, கொஞ்சம் நல்ல மொபைலோ வந்துவிட்டால் நம்மில் பலர் முதலில் பஸ் ஏறுவது ஒகேனக்கல்லுக்குத்தான். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோ மீட்டர். நூறு படம் எடுத்து வருவார்கள். நூறும் ஒரே மாதிரி இருக்கும்: நடுவில் நண்பன், பின்னால் வெள்ளையாக ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்றை' அருவியாகவே படத்தில் கொண்டு வருவது பற்றித்தான் இக்கட்டுரை. பயப்படாதீங்க, முதலாம் ஆண்டு இயற்பியல் போதும்.

5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் கீழே வரும்போது என்ன வேகம்? 2, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 5 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஏறக்குறைய 10 வரும். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/1000 வினாடி திறந்தால் நீர்த்துளி நகர்வது 1 சென்டிமீட்டர்தான். துளி துளியாக, உறைந்த மாதிரி தெரியும். 1/15 வினாடி என்றால் 66 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பட்டு நூல் மாதிரி இழை இழையாக வரும். எது அழகு என்பது அவரவர் ரசனை. என்னைக் கேட்டால், சீறி விழும் காவிரியைப் பட்டு நூலாக்குவது அதற்குச் செய்கிற அநியாயம்!

பட்டு நூல்தான் வேண்டும் என்பவர்கள் மதிய வெயிலில் முயல வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் எஃப் 16 வைத்தாலும் நல்ல வெயிலுக்கு ஷட்டர் 1/100 அளவுதான் தாங்கும். அதற்குமேல் திறந்தால் படம் வெளுத்துவிடும். நிழல் விழும் காலையும் மாலையும்தான் அதற்கு நேரம். பெரும்பாலான மொபைல்களில் அபர்ச்சரைக் குறைக்க முடியாது என்பதால் இது இன்னும் பொருந்தும்.

இன்னொன்று: கருத்த பாறை, வெள்ளை நுரை. கேமரா பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், நுரை வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒகேனக்கல்லில் வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. மழை பெய்வது குடகில். கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால், இங்கே ஒரு தூறல்கூட இல்லாத ஆடி மாதத்தில் வெள்ளம் வரும். பாறை நுனியில் நின்று வியூஃபைண்டரில் ஒரு கண்ணும் மூடிய மறு கண்ணுமாக இருப்பவனுக்கு, காலடியில் தண்ணீர் ஏறுவது எப்படித் தெரியும்?

அதைச் சொல்லத்தான் மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளக் கமிஷனின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 'வினாடிக்கு இத்தனை கனஅடி' என்று செய்தியில் வருவது இந்த நீர்வரத்துதான். ஒரு கனஅடி 28.3 லிட்டர். 2024 ஜூலைக் கடைசியில் வரத்து 1 லட்சம் கனஅடியைத் தாண்டியது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒரு வினாடிக்கு 235 போகிற கணக்கு! சிவில் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படக்காரனுக்கும் இந்த எண் ஒரு வழிகாட்டி. சில ஆயிரம் கனஅடி என்றால் பாறைகள் வெளியே தெரியும், அருவிகள் தனித்தனியாகப் பிரிந்து விழும், பரிசலும் ஓடும். படத்துக்கு அதுதான் பொற்காலம். லட்சத்தை நெருங்கினால் மெயின் அருவி, ஐந்தருவி எல்லாம் மூழ்கி, செம்மண் நிறத்தில் ஒரே சமவெளி. மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டிருக்கும். "தள்ளி நின்னு ஒரே ஒரு ஸ்நாப் எடுத்துக்கிறேன் அண்ணே" என்று காவலரிடம் கெஞ்சி உள்ளே போய் எடுத்தாலும் படத்தில் அருவியே இருக்காது.

பரிசல்காரரையோ எண்ணெய் மசாஜ் செய்பவரையோ எடுப்பதானால் முதலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். லென்ஸ் மூடியைக் குரங்கு பக்கம் காட்டாதீர்கள். வழியில் காட்டுப் பகுதியில் யானை தெரிந்தால் பைக்கை விட்டு இறங்கவே வேண்டாம்.

தடை நாளாக இருந்தால் கேமராவை மூட்டை கட்ட வேண்டியதில்லை. வத்தல்மலைக்கு விடியற்காலையில் ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டம் இருக்கும்போது 1/60 போதும், நகர்வது எதுவும் அங்கே இல்லை.