பசுமை வடிவமைப்பும் ஆலோசகரின் பங்கும்

ஒரு பொருளுக்கான கனிமம் வெட்டியெடுக்கப்படுவது முதல், அப்பொருள் பயன்பட்டுக் கழிவாவது வரை சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்புகளைக் கணக்கிடும் முறை ஆயுட்சுழற்சி மதிப்பீடு எனப்படும். ஆய்வாளர்கள் வகுத்த இம்முறை தொழிலகங்களை எட்டியதில் ஆலோசகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நெதர்லாந்தின் அனுபவம்

லைடன் பல்கலைக்கழகம் 1992-ல் இம்மதிப்பீட்டுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதன்படி கணக்கிட்டால் புவி வெப்பமடைதல், அமிலமாதல் எனப் பாதிப்புகள் தனித்தனி அலகுகளில் கிடைக்கும். உருக்கா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்று விரைந்து முடிவு செய்ய வேண்டிய வடிவமைப்பாளருக்கு இப்பட்டியல் எளிதில் உதவாது.

1990-ல் தொடங்கப்பட்ட 'பிரே' என்னும் ஆலோசனை நிறுவனம் இவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டது. ஆய்வாளர்களையும் பிலிப்ஸ் போன்ற நிறுவனங்களையும் ஒன்றுசேர்த்து, 'இகோ-இண்டிகேட்டர் 95' என்ற அட்டவணையை அது உருவாக்கியது. ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் கிலோவுக்கு இத்தனை புள்ளிகள் என அதில் குறிக்கப்பட்டது. பயன்படும் அளவால் பெருக்கிக் கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

எண்ணுக்குள் மறைந்த தீர்ப்பு

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. 1999-ஆம் ஆண்டுப் பதிப்பின் பொதுவான கணக்கில் மனித நலத்துக்கு 40 விழுக்காடு, இயற்கைச் சூழலுக்கு 40 விழுக்காடு, வளங்களுக்கு 20 விழுக்காடு என முக்கியத்துவம் பகிரப்பட்டது. இது அளந்து கண்ட உண்மையன்று. ஒரு குழுவினரின் மதிப்பீடு. ஆகவேதான் போட்டிப் பொருள்களை ஒப்பிட்டுப் பொதுமக்களுக்கு வெளியிடும் கூற்றுகளில் இத்தகைய ஒற்றை எண்ணைப் பயன்படுத்தலாகாது என 2006-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 14044 தரம் விதிக்கிறது.

நமக்குரிய பாடம்

ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் தேவை. நார்வேயில் அது பெரும்பாலும் நீர்மின்சாரம். நம் நாட்டிலோ நிலக்கரி மின்சாரம். அங்குள்ள எண்ணை இங்கே அப்படியே கையாண்டால், கணக்கு பிழையின்றி இருந்தும் முடிவு தவறாகிவிடும்.

எனவே ஆலோசகரை அமர்த்தும் அதிகாரி மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். புள்ளிவிவரம் எந்த நாட்டுக்குரியது? எப்பாதிப்புக்கு எவ்வளவு முக்கியத்துவம் தரப்பட்டது, அதைத் தீர்மானித்தவர் யார்? ஒப்பந்தம் முடிந்தபின் தொழிலகத்தின் பொறியாளர்களே அடுத்த கணக்கைப் போட இயலுமா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைக்காவிடில், தொழிலகத்துக்குக் கிடைத்தது ஓர் அறிக்கை மட்டுமே. தொழில்நுட்ப அறிவு அங்கு வேரூன்றவில்லை என்பதை உணர்தல் வேண்டும்.